எடை குறைக்கும் சத்திரசிகிச்சை: தயாராக வேண்டியது நோயாளி மட்டுமல்ல

காத்தான்குடி முதல் ஏறாவூர் வரை வாவியோரத்து ஊர்களில் "வயிற்றைச் சின்னதாக்கும் ஒப்பரேஷன்" பற்றிய பேச்சு இப்போது அடிக்கடி காதில் விழுகின்றது. சிலர் இதனை அழகுக்காகச் செய்யும் வேலை என்கின்றனர். வேறு சிலர், செய்துகொண்டால் பிறகு விரும்பியதைச் சாப்பிடலாம் என நினைக்கின்றனர். இரண்டுமே பிழையான எண்ணங்கள். எனது ராத்தா இச்சிகிச்சைக்குத் தயாரான மாதங்களில் கூட இருந்து பார்த்ததையும், சுகாதார பாடம் கற்பிப்பதற்காக வாசித்ததையும் வைத்தே இதனை எழுதுகின்றேன்.

யாருக்கு இந்தச் சிகிச்சை?

உடல் எடையை (கிலோகிராம்) உயரத்தின் (மீற்றர்) வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடற்திணிவுச் சுட்டி. 160 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒருவர் 90 கிலோ இருந்தால் அவரது சுட்டி 35ஐச் சற்றுத் தாண்டும். 1991ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டலில் 40க்கு மேற்பட்டோருக்கும், வேறு நோய்கள் இருப்பின் 35க்கு மேற்பட்டோருக்குமே இது பரிந்துரைக்கப்பட்டது. 2022இல் சர்வதேச நிபுணர் சங்கங்கள் அந்த எல்லையைத் தளர்த்தின. நோய்கள் இல்லாவிட்டாலும் 35 என்றும், நீரிழிவு போன்றவை இருந்தால் 30 முதல் யோசிக்கலாம் என்றும் கூறின. ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு வந்துவிடுவதால், 27.5 முதலே பரிசீலிக்கலாம் என்றன. எனினும் எண் மட்டும் போதாது. உணவுக் கட்டுப்பாடு, நடை, மருந்து எல்லாம் முயன்று பார்த்த பின்னரே வைத்தியர்கள் இதைப் பற்றிப் பேசுவார்கள்.

பரவலாகச் செய்யப்படுவது இரண்டு முறைகள். "ஸ்லீவ்" முறையில் இரைப்பையின் சுமார் முக்கால் பங்கு அகற்றப்பட்டு, ஒடுங்கிய குழாய் போன்ற பகுதி மட்டும் எஞ்சும். "பைபாஸ்" முறையில் சிறு பை ஒன்றை அமைத்து, சிறுகுடலின் ஒரு பகுதியைத் தாண்டி உணவு செல்லுமாறு இணைப்பார்கள்.

தயாராகும் காலம்

இரத்தப் பரிசோதனைகள், இருதயப் பரிசோதனை, தேவைப்பட்டால் கமெரா மூலம் இரைப்பையைப் பார்த்தல், குறட்டை விடுவோருக்கு உறக்கப் பரிசோதனை, உளநல ஆலோசனை என்று பல படிகள் உள்ளன. புகைபிடிப்பவர் முன்கூட்டியே நிறுத்தியாக வேண்டும்.

பலரும் அறியாதது ஈரலைச் சுருக்கும் உணவுமுறை. பருமனானவர்களின் ஈரலில் கொழுப்புச் சேர்ந்து அது பெருத்திருக்கும். அதன் இடப்பக்கம் இரைப்பையை மூடிக்கொண்டு கிடப்பதால் வைத்தியருக்கு வேலை கடினமாகும். ஆகவே சுமார் இரண்டு வாரங்களுக்குச் சோறு, மா, சீனி, எண்ணெய் ஆகியவற்றை வெகுவாகக் குறைத்து, நாளொன்றுக்கு 800 முதல் 1000 கலோரிக்குள் உண்ணச் சொல்வார்கள். இன்சுலின் அல்லது நீரிழிவு மாத்திரை எடுப்போர் மருந்தின் அளவையும் வைத்தியரிடம் கேட்டே மாற்ற வேண்டும். இல்லையேல் இரத்தத்தில் சீனி ஆபத்தாகக் குறைந்துவிடலாம்.

பெண்கள் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. சிகிச்சையின் பின் 12 முதல் 18 மாதங்கள் வரை கர்ப்பம் தரிப்பதைத் தள்ளிப்போட வேண்டும். இதனைக் கணவனும் மனைவியும் முன்பே பேசித் தீர்மானிக்க வேண்டும்.

சிகிச்சைக்குப் பின் உணவு

முதல் ஒன்றிரண்டு வாரங்கள் திரவ உணவு மட்டுமே. அடுத்து மசித்த உணவு, பிறகு மென்மையான உணவு. வழமையான உணவுக்கு வர ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆகும். ஒவ்வொரு வேளையும் புரதத்தையே முதலில் உண்ண வேண்டும். நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் தேவை. இதில் நாம் பாக்கியசாலிகள். வாவி மீன், முட்டை, பருப்பு, சீனியோ பாணியோ சேர்க்காத மட்டக்களப்புத் தயிர் எல்லாம் கைக்கெட்டிய தூரத்திலேயே உள்ளன. பிட்டும் கொத்தும் புரியாணியும்தான் பின்னுக்குப் போக வேண்டியவை.

சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. அரை மணி நேரம் கழித்தே குடிக்க வேண்டும். ஆனால் நாள் முழுவதிலும் மிடறு மிடறாக ஒன்றரை லீற்றராவது உள்ளே போக வேண்டும். வட்டிலப்பம், பலூடா போன்ற இனிப்புகள், குறிப்பாக பைபாஸ் செய்தவருக்கு, படபடப்பு, வியர்வை, வயிற்றோட்டம் ஆகியவற்றை உண்டாக்கலாம்.

விற்றமின் பீ12, இரும்பு, கல்சியம், விற்றமின் டீ ஆகியவை ஆயுள் முழுவதும் தேவைப்படும். இரும்புச்சத்து மாத்திரையைக் கல்சியத்துடனோ பிளேன்டீயுடனோ சேர்த்து எடுத்தால் அது உடலில் சரியாகச் சேராது. இரண்டு மணி நேர இடைவெளியாவது வேண்டும்.

முஸ்லிம்கள் முன்கூட்டியே கேட்க வேண்டியவை

சில மருந்து வில்லைகளின் உறை ஜெலட்டினால் ஆனது. இரத்தம் உறைவதைத் தடுக்க ஏற்றப்படும் எனொக்ஸபரின் ஊசி பன்றியின் குடலிலிருந்து பெறப்படுவது. மாற்று மருந்து பொருந்துமா என வைத்தியரிடமும், பொருந்தாவிட்டால் நிர்ப்பந்த நிலையின் சட்டம் என்ன என ஆலிம்களிடமும் சிகிச்சைக்கு முன்பே கேட்டுத் தெளிவு பெறுங்கள். கட்டிலில் கிடக்கும்போது ஊசியை மறுப்பது உயிருக்கு ஆபத்தாகலாம்.

நோன்பும் அவ்வாறே. தண்ணீரும் புரதமும் சிறுகச் சிறுகச் செல்ல வேண்டிய முதல் வருடத்தில் நோன்பைத் தவிர்க்குமாறு பல நிபுணர்கள் கூறுகின்றனர். நோயாளி வேறு நாட்களில் நோற்கலாம் என்ற சலுகை அல்குர்ஆனில் (2:184) உள்ளது. பின்னர் நோற்கத் தொடங்கும்போதும் வைத்தியரின் அனுமதி வேண்டும்.

குடும்பத்தின் கடமை

கொழும்பில் சிகிச்சை செய்துகொண்டு வருபவர் முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் வந்துவிடுகின்றார். முதல் வாரங்களில் காய்ச்சல், கடும் வயிற்று வலி, வேகமான நாடித்துடிப்பு, நிற்காத வாந்தி ஆகியவற்றில் ஒன்று ஏற்பட்டாலும், இரைப்பையில் தையலிட்ட இடம் கசிகின்றதோ எனச் சந்தேகிக்க வேண்டும். டயக்னோசிஸ் காட்டை எடுத்துக்கொண்டு உடனடியாக மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அந்த அட்டை இருக்கும் இடம் வீட்டிலுள்ள அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விடக் கடினமானது நமது விருந்தோம்பல். ஒரே சஹனில் ஐந்தாறு பேர் அமர்ந்து உண்ணும்போது ஒருவர் நான்கு கவளத்தோடு நிறுத்தினால் "என்ன, சாப்பாடு சரியில்லையா?" என்று கேட்கின்றோம். ராத்தாவின் தட்டில் அன்போடு அள்ளி வைத்த கைகளைத் தடுப்பதுதான் எனக்குப் பெரும் வேலையாக இருந்தது. சுருங்கிய இரைப்பைக்கு அந்த அன்பு வாந்தியாகவும் வலியாகவுமே முடியும். பல வருடங்கள் இப்படித் தொடர்ந்தால் குறைந்த எடை திரும்பி வந்துவிடும்.

வயிற்றில் மூன்றில் ஒரு பங்கே உணவுக்கு என்ற நபிமொழியை மேடைகளில் கேட்டுப் பழகிய சமூகம் நாம். குறைவாக உண்பவரை வற்புறுத்தாமல் விடுவதும் அதனைப் பின்பற்றுவதே. கத்தி பிடிப்பவர் வைத்தியர். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு நாளும் அகப்பை பிடிப்பவர்கள் கையில்தான் இருக்கின்றது. நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண சுகத்தை வழங்குவானாக.