ஸ்பீக்கர் மௌனமானால் மருந்து நேரம் தவறலாமா?

காலை ஆறு மணிக்குக் கூடத்து அலமாரியிலிருந்து ஒரு முருகன் பாடல் ஒலிக்கத் தொடங்கும். அதைக் கேட்டதும், பார்க்கின்சன் நோயுள்ள பெரியவர் கண்விழித்து, தலைமாட்டிலுள்ள பெட்டியிலிருந்து அன்றைய முதல் மாத்திரையை எடுத்து விழுங்குவார். வெளியூரில் வாழும் மகள் விடுமுறைக்கு வந்தபோது ஸ்மார்ட் ஸ்பீக்கரில் செய்துவைத்துச் சென்ற ஏற்பாடு அது. இரண்டு ஆண்டுகளாக ஒரு நாளும் தவறியதில்லை. ஒரு நாள் பாடல் ஒலிக்கவில்லை. மின்சாரம் இருந்தது; இணையமும் இருந்தது; ஸ்பீக்கரும் பழுதாகவில்லை. முந்தைய இரவில் மென்பொருள் தானாகவே புதுப்பிக்கப்பட்டிருந்தது. பாடலை அலாரமாக வைக்கும் வசதி அத்துடன் நீங்கியிருந்தது. எட்டரை மணிக்குக் கண்விழித்தபோது, பெரியவர் கைகால்கள் இறுகிக் கட்டிலைவிட்டு எழ இயலாமல் கிடந்தார்.

இது விளக்கத்திற்காக நாம் எண்ணிப் பார்க்கும் ஒரு வீடுதான். ஆயினும் இதில் நடக்க இயலாதது எதுவும் இல்லை. ஸ்மார்ட் ஸ்பீக்கர் இன்று பல இல்லங்களில் பராமரிப்பாளருக்குத் துணையாக இருக்கிறது. கை நடுக்கம் உள்ளவர்கள், பார்வை குறைந்தவர்கள், பக்கவாதத்திற்குப் பின் கைப்பேசியைக் கையாள இயலாதவர்கள் ஆகியோருக்குக் குரலால் இயங்கும் கருவி பெரும் உதவி. அந்த உதவி ஒரு நாள் அறிவிப்பின்றி நின்றுபோனால் என்ன செய்வது, நின்றுபோனாலும் மருந்து நேரம் தவறாதிருக்க எவ்வாறு ஏற்பாடு செய்துகொள்வது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

வசதி நம் வீட்டில் இல்லை

மேசைமீதுள்ள ஸ்பீக்கரே எல்லாவற்றையும் செய்கிறது என்று நாம் எண்ணுகிறோம். பெரும்பாலும் அது வாயும் செவியும் மட்டுமே. நாம் அழைப்புச் சொல்லைக் கூறியதும், அதன்பின் பேசுவது இணையத்தின் வழியாக நிறுவனத்தின் சர்வர் கணினிகளுக்குச் செல்கிறது. பேச்சின் பொருளை உணர்வதும், என்ன செய்ய வேண்டும் என்று முடிவெடுப்பதும் பெரும்பாலும் அங்கேதான். கைப்பேசியில் உள்ள செயலியோ, அந்த ஏற்பாடுகளைப் பார்ப்பதற்கும் மாற்றுவதற்குமான சாளரம்.

ஆகவே மாற்றம் மூன்று இடங்களில் நிகழலாம். ஸ்பீக்கருக்குள் இருக்கும் மென்பொருள் மாறலாம். கைப்பேசிச் செயலி மாறலாம். நம் கண்ணுக்கே தெரியாத சர்வர் மாறலாம். கைப்பேசியில் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிட்டால் எல்லாம் பழையபடியே இருக்கும் என்று சிலர் கருதுகின்றனர். அது சரியன்று. சர்வரில் நிகழும் மாற்றத்தை நம்மால் தடுக்க இயலாது. மேலும், புதுப்பிப்புகளில் பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்பவையும் உண்டு. அவற்றை முழுவதும் தவிர்ப்பது நல்லதன்று.

உண்மையில் நிகழ்ந்த மூன்று மாற்றங்கள்

2024-ஆம் ஆண்டில் நிகழ்ந்த மூன்று மாற்றங்கள் இதனைத் தெளிவாக்கும்.

முதலாவது, சோனோஸ் நிறுவனத்தினுடையது. அந்நிறுவனம் 2024 மே மாதம் தன் செயலியை முற்றிலும் புதிதாக மாற்றி வெளியிட்டது. பழைய செயலியில் இருந்த சில வசதிகள் புதியதில் இல்லை. அலாரங்களைத் திருத்துவது, குறித்த நேரத்தில் இசை தானாக நிற்கும் உறக்க நேரமானி ஆகியவை அவற்றுள் அடங்கும். திரையிலுள்ளதை வாசித்துக்காட்டும் மென்பொருளைக் கொண்டு கைப்பேசியைப் பயன்படுத்தும் பார்வைக் குறையுடையோருக்கும் புதிய செயலி இடர் தந்தது. நிறுவனத் தலைவர் பாட்ரிக் ஸ்பென்ஸ் அவ்வாண்டு ஜூலையில் வாடிக்கையாளர்களிடம் மன்னிப்புக் கோரினார். பழைய செயலியை மீண்டும் வெளியிட முடியாது என்றும், அவ்வாறு செய்தால் சிக்கல் பெருகும் என்றும் பின்னர் விளக்கப்பட்டது. 2025 ஜனவரியில் அவர் பதவியிலிருந்து விலகினார். விடுபட்ட வசதிகள் படிப்படியாகத் திரும்பின.

இரண்டாவது, கூகுள் அசிஸ்டன்ட் தொடர்பானது. அதிகம் பயன்படுத்தப்படாதவை என்று கருதப்பட்ட 17 வசதிகளை நீக்குவதாக 2024 ஜனவரியில் கூகுள் அறிவித்தது. பாடலையோ வானொலியையோ அலாரமாக வைக்கும் வசதி அவற்றுள் ஒன்று. அதற்கு மாற்றாக, 'ரொட்டீன்' எனப்படும் தொடர்செயல் அமைப்பையோ சாதாரண அலாரத்தையோ பயன்படுத்தலாம் என்று கூறப்பட்டது.

மூன்றாவது, அமேசானின் அலெக்ஸா டுகெதர். தொலைவில் வாழும் பிள்ளைகள் முதிய பெற்றோரைக் கவனித்துக்கொள்வதற்கென 2021 டிசம்பரில் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட கட்டணச் சேவை இது. பெற்றோர் வீட்டு ஸ்பீக்கரில் நினைவூட்டல்களைத் தொலைவிலிருந்தே அமைக்கவும், அவசர உதவி மையத்தை அழைக்கவும் அதில் வழி இருந்தது. 2024 ஜூன் மாதத்தில் அச்சேவை மூடப்பட்டது.

வசதி மறைவதிலும் வகைகள் உண்டு என்பது இவற்றிலிருந்து புலனாகும். சில காலம் காணாமற்போய்த் திரும்புவது ஒன்று. நீங்கிப்போய், வேறு வழி மட்டும் எஞ்சுவது மற்றொன்று. சேவையே நின்றுவிடுவது இன்னொன்று. எந்த வகை என்று அறிந்த பின்னரே, காத்திருப்பதா, மாற்று வழி தேடுவதா என்று முடிவு செய்ய இயலும். ஆனால் மருந்து அதுவரை காத்திராது.

எல்லா மருந்தும் ஒன்றல்ல

ஒரு வேளை மருந்து தவறினால் விளையும் கேடு, மருந்துக்கு மருந்து மாறுபடும்.

பார்க்கின்சன் நோய்க்குத் தரப்படும் லெவோடோபா இரத்தத்தில் தங்கும் காலம் மிகக் குறைவு. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். நேரம் தவறினால் உடல் இறுக்கம், நடை தடைப்படுதல், விழுங்குவதில் இடர் ஆகியவை தோன்றலாம். இம்மருந்தைக் குறித்த நேரத்திலிருந்து 30 நிமிடங்களுக்குள் தர வேண்டும் என்பதற்காகவே பிரிட்டனின் பார்க்கின்சன்ஸ் யூகே என்னும் தொண்டு நிறுவனம் தனி இயக்கம் நடத்திவருகிறது. வலிப்பு நோய்க்கான மருந்து தவறினால் வலிப்பு மீண்டும் வரக்கூடும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகள் தவறினால் உறைகட்டி உண்டாகும் வாய்ப்பு கூடும்.

மாறாக, தைராய்டு குறைவுக்கான லெவோதைராக்சின், உடலில் பாதியளவாகக் குறையவே ஏறக்குறைய 7 நாள் ஆகும். ஒரு வேளை தவறியதால் உடனே தீங்கு நேர்வது அரிது.

உணவு வேளைக்கான இன்சுலின் தனி வகை. உண்டு நெடுநேரம் கழித்து, தவறிய ஊசியைத் தாமாகப் போட்டுக்கொண்டால் சர்க்கரை அபாயமான அளவுக்குத் தாழலாம்.

ஆகையால், 'ஒரு வேளை தவறினால் என்ன செய்ய வேண்டும்?' என்ற கேள்வியை, ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியாக, உங்கள் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ முன்கூட்டியே கேட்டு, மருந்துச் சீட்டின் பின்புறம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்த மருந்தாயினும், தவறிய வேளையை ஈடுசெய்வதாக எண்ணி, மருத்துவர் சொல்லாமல் இரட்டை அளவு உட்கொள்ளக் கூடாது.

நினைவூட்டல் ஒலிக்காத அன்று

முதலில் நோயாளரைக் கவனியுங்கள். ஸ்பீக்கரைப் பிறகு பார்க்கலாம். மாத்திரைப் பெட்டியைத் திறந்து, எந்த வேளை உட்கொள்ளப்பட்டது, எது எஞ்சியுள்ளது என்று உறுதிசெய்யுங்கள். தவறியிருந்தால், எழுதிவைத்த குறிப்பின்படி நடவுங்கள். குறிப்பு இல்லையெனில் தொலைபேசியில் மருத்துவமனையை அழைத்துக் கேளுங்கள். நோயாளருக்கு மயக்கம், வலிப்பு, பேச்சுக் குழறல், மூச்சுத் திணறல் போன்றவை இருப்பின் தாமதியாமல் 108-ஐ அழையுங்கள்.

அடுத்து, வசதி உண்மையிலேயே நீங்கிவிட்டதா என்று பாருங்கள். பல வேளைகளில் அது இடம் மாறியிருக்கும். அல்லது ஓர் அமைப்பு மாறியிருக்கும். ஒலியளவு குறைந்துள்ளதா, 'தொந்தரவு செய்யாதே' நிலை இயங்குகிறதா, செயலியில் கணக்கு வெளியேறியுள்ளதா, மொழியும் நேர மண்டலமும் சரியாக உள்ளனவா என்பவற்றைச் சோதியுங்கள். பின்னர் அந்நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் அவ்வசதியின் பெயரைத் தேடுங்கள். நீக்கப்பட்டிருப்பின், மாற்று வழி பெரும்பாலும் அங்கேயே குறிக்கப்பட்டிருக்கும்.

செயலியை நீக்கி மீண்டும் நிறுவுவதும், ஸ்பீக்கரை ஆலைநிலை அமைப்புக்குத் திருப்புவதும் கடைசி வழிகளாகவே இருக்கட்டும். ஆலைநிலைக்குத் திருப்பினால், எஞ்சியிருக்கும் ஏற்பாடுகளும் அழிந்துபோகக்கூடும். அதற்கு முன், செயலியில் காணும் நினைவூட்டல்கள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

நினைவூட்டல்களைப் புதிதாகப் பதியும்போது மிகுந்த கவனம் தேவை. முடக்குவாதத்திற்கு உட்கொள்ளும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை வாரத்திற்கு ஒரு முறைக்கு உரியது. அதனைத் தவறுதலாக 'நாள்தோறும்' என்று பதிந்து, அவ்வாறே உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம். நினைவிலிருந்து பதியாமல், மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பதியுங்கள். ஒருவர் பதிய, மற்றொருவர் சீட்டுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது நன்று.

ஒன்றுக்கு இரண்டாக

நினைவூட்டல் எப்போதும் இரண்டு வழிகளில் இருக்க வேண்டும். அவ்விரண்டும் ஒன்றையொன்று சாராதவையாகவும் இருக்க வேண்டும். ஒரே கணக்கில் இயங்கும் இரண்டு ஸ்பீக்கர்கள், இரண்டு வழிகள் ஆகமாட்டா. ஸ்பீக்கருடன் கைப்பேசியின் சாதாரண அலாரம் ஒன்று, அல்லது பேட்டரியில் ஓடும் அலாரக் கடிகாரம் ஒன்று இருக்கட்டும். இவற்றுக்கு இணையம் வேண்டியதில்லை. மின்தடை ஏற்பட்டால், பேட்டரி இல்லாத ஸ்பீக்கர் அணைந்துவிடும்; கடிகாரம் ஒலிக்கும்.

பழகிய பாடலே வேண்டும் என்றால், அப்பாடலைக் கைப்பேசியிலேயே கோப்பாகச் சேமித்து, அலார ஒலியாக வைத்துக்கொள்ளலாம். 'தாத்தா, மாத்திரை போடுங்க' என்று பேரக் குழந்தை சொல்வதைப் பதிவுசெய்தும் வைக்கலாம். கைப்பேசியில் உள்ள கோப்பு, நிறுவனத்தின் சர்வரை நம்பி இருப்பதன்று.

ஒலி எழுந்தது என்பதாலேயே மருந்து உட்கொள்ளப்பட்டது என்று ஆகிவிடாது. கிழமையும் வேளையும் குறித்த அறைகள் கொண்ட மாத்திரைப் பெட்டி இங்கே உதவும். அறை காலியாக இருக்கிறதா என்று பார்த்த அளவில் உண்மை தெரியும். தொலைவில் உள்ளவர்கள், நாளுக்கு ஒரு முறையேனும் தொலைபேசியில் அழைத்து, பெட்டியைப் பார்த்துச் சொல்லுமாறு கேட்கலாம்.

மாதத்திற்கு ஒரு நாள், பராமரிப்பாளர் வீட்டில் இருக்கும்போது எல்லா நினைவூட்டல்களையும் சோதித்துப் பாருங்கள். செயலியோ ஸ்பீக்கரோ புதுப்பிக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தால், மறுநாள் காலையும் மாலையும் சோதியுங்கள். அவசர உதவிக்கு ஸ்பீக்கரை மட்டும் நம்பியிருக்க வேண்டா. அதனிடம் சொன்னாலே 108-க்கு அழைப்பு சென்றுவிடும் என்று எண்ணாதீர்கள். அண்டை வீட்டாரின் எண்ணையும் 108-ஐயும் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசிக்கு அருகில் ஒட்டி வையுங்கள்.

'எனக்குத்தான் மறதியோ?'

பழகிய வசதி மறைந்ததும் முதியோர் பலர் தம்மையே ஐயுறுகின்றனர். 'நான்தான் ஏதோ தவறாக அழுத்திவிட்டேன்', 'எனக்கு மறதி முற்றிவிட்டது' என்று கலங்குகின்றனர். பிள்ளைகளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று, நடந்ததைச் சொல்லாமலும் இருந்துவிடுகின்றனர். மருந்து தவறிய செய்தி பல நாள் வெளிவராமல் போவது இவ்வாறுதான். ஆகவே, 'மாறியது கருவி. உங்கள்மீது பிழையில்லை' என்று பராமரிப்பாளர் தெளிவாகச் சொல்ல வேண்டும். 'ஏன் போடவில்லை?' என்று கடிந்து கேட்பதைவிட, 'இன்று பாட்டு ஒலித்ததா?' என்று கேட்பது உண்மையை எளிதில் வெளிக்கொணரும்.

நினைவுக் குறைபாடு உள்ளவர்களுக்குப் புதிய முறையைக் கற்பிப்பது கடினம். அவர்களுக்குக் கருவி மாறினாலும், குறிப்பு மாறாதிருப்பதே நலம். அதே பாடல், அதே நேரம், அதே இடம் ஆகியவற்றை இயன்றவரை காத்துக்கொள்ளுங்கள். அத்துடன் மற்றொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். நினைவூட்டல் சரியாக ஒலித்தும் மருந்து அடிக்கடி தவறுமாயின், அது கருவியின் குறையன்று. மறதி கூடிவருவதன் அறிகுறியாகவும் இருக்கலாம், மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, உங்கள் வீட்டில் மருந்து நேரத்தை நினைவூட்டுவது யார், அல்லது எது என்பதையும் எங்களிடம் கூறுங்கள். மருந்துப் பட்டியலையும் மாத்திரைப் பெட்டியையும் உடன் கொண்டுவாருங்கள். எந்த வேளை தவறக்கூடாதது, எது சிறிது தாமதிக்கலாம் என்பதை மருந்தாளுநருடன் அமர்ந்து குறித்துக்கொள்ளலாம். ஸ்பீக்கர் தொடர்ந்து பாடட்டும். அது பாடாத நாளிலும் மாத்திரை உரிய வேளையில் உள்ளே செல்ல, ஒரு கடிகாரமும், ஒரு பெட்டியும், நலம் கேட்டு அழைக்கும் ஒரு மனிதரும் துணை நிற்கட்டும்.