விடாது கருப்பு: நம்மைத் துரத்துவது எது?



1990களின் பிற்பகுதியில் சன் தொலைக்காட்சியில் வாரம் ஒருமுறை ஒளிபரப்பான 'மர்மதேசம் - விடாது கருப்பு' தொடரை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்க, இயக்குநர் கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்த தொடர் இது. 2024 நவம்பரில் எழுத்தாளர் மறைந்தபோது இத்தொடர் மீண்டும் பேசப்பட்டது.

இன்று பார்த்தால் குறைகள் கண்ணில் படும். வீடியோவில் எடுத்த படம் மங்கித் தெரிகிறது. இரவுக் காட்சிகளில் முகங்களைத் தேட வேண்டியிருக்கிறது. பயமுறுத்தும் இசை திரும்பத் திரும்ப வருகிறது. ஆனாலும் நாம் எழுந்து போவதில்லை. காரணம், கதை எழுதப்பட்ட விதம். ஒரு சிறுவனின் கடந்த காலமும் அவன் வளர்ந்த பின் நடப்பவையும் மாறி மாறி வந்து, ஒரே கேள்வியை நோக்கி நம்மை நடத்திச் செல்கின்றன.

தவறு செய்வோரைக் காவல் தெய்வமான கருப்பு தண்டிக்கிறது என்று ஊரே நம்புகிறது. ஆனால் முடிச்சு அவிழ்வதோ ஒரு மனிதனின் உள்ளத்தில். சிறுவயதில் காயப்பட்ட மனம் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி கருப்பாகவே மாறிவிடுகிறது. ஒருவருக்குள்ளேயே வேறு வேறு ஆளுமைகள் தோன்றும் இந்த நிலையை, குழந்தைப் பருவத்தில் அனுபவித்த கடும் கொடுமைகளோடு மனநல மருத்துவம் தொடர்புபடுத்துகிறது. இத்தகையோர் கொலைகாரர்கள் என எண்ணிவிடக்கூடாது. அது கதைக்கான மிகை. உண்மையில் இவர்கள் பிறரைத் துன்புறுத்துவதைவிடத் தாங்கள் துன்புறுவதே அதிகம்.

இது பிற சமயத்தாரின் நம்பிக்கையைக் குறைகூறும் முயற்சி அன்று. "சாமி கண்ணைக் குத்தும்" என்று நம் வீடுகளிலும் பிள்ளைகளை மிரட்டுகிறோம். வீட்டில் ஒருவருக்கு மனம் கலங்கினால் "யாரோ செய்த பாவம்" என்கிறோம், பேய் என்கிறோம், அக்கம்பக்கத்தார் அறியாமல் மறைக்கிறோம். 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயிலிருந்து தப்பி ஓட முடியாமல் 28 பேர் மாண்டனர். இப்படிப் பிணைக்கும் பழக்கம் எந்த ஒரு மதத்துக்கும் மட்டும் உரியதன்று.

ஆண்டவர் என்ன செய்தார்? பிறவிக் குருடரைப் பார்த்து, யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, அந்தக் கேள்வியையே அவர் ஏற்கவில்லை (யோவான் 9). கல்லறைகளிடையே அலைந்தவரிடம் அவர் பெயரைக் கேட்டார் (மாற்கு 5). ஊர் அவரைக் கட்டிவைக்க முயன்றது. இயேசு அவரோடு பேசினார். இறுதியில் அவரை அவருடைய வீட்டாரிடமே அனுப்பி வைத்தார்.

நாமும் அப்படியே செய்வோம். செபமும் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று பகையல்ல. லாஸ்பேட்டையில் வாழும் நமக்கு ஜிப்மர் மருத்துவமனையின் மனநலப் பிரிவு தொலைவில் இல்லை. 2022 முதல் இயங்கும் அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது.

நம் வீட்டுப் பிள்ளை எதையோ கண்டு அஞ்சி ஒடுங்கினால், மிரட்டாமல் அருகில் அமர்ந்து கேட்போம். கேட்க ஆள் இருந்தாலே பாதி பயம் போய்விடும்.