கிராமத்து மின்சாரம் யாருடைய சொத்து?

இந்தியாவின் கிராமங்கள் அனைத்திற்கும் மின்சாரம் சென்றுவிட்டதாக 2018 ஏப்ரலில் சர்க்கார் பிரகடனம் செய்தனர். மணிப்பூர் மலைகளிலுள்ள லெய்சாங் என்னும் சிற்றூர் கடைசியாகச் சேர்ந்ததாம். பள்ளிக்கூடம் போன்ற பொது இடங்களிலும், பத்தில் ஒரு பங்கு வீடுகளிலும் விளக்கெரிந்தால் அந்தக் கிராமம் மின்சாரம் பெற்றதாகவே கணக்கில் ஏறிவிடும் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். மற்ற ஒன்பது பங்கு இருளிலிருந்தாலும் கணக்குக்குக் குறைவில்லை!

கம்பியை எதிர்பாராமல், சூரிய ஒளியையும் காற்றையும் கொண்டு கிராமங்கள் தாமே மின்சாரம் உண்டாக்கிக்கொள்ளலாமென்று சிலர் கூறுகின்றனர். யோசனை நல்லதே. ஆயினும் பீஹாரில் ஜெஹானாபாத் ஜில்லாவிலுள்ள தர்ணாய் கிராமத்தின் அனுபவத்தை மறக்கலாகாது. முப்பது வருஷ காலம் இருளில் கிடந்த அவ்வூரில், 2014-ல் ஒரு ஸ்தாபனத்தார் 100 கிலோவாட் சூரிய மின்நிலையம் நிறுவினர். தெருவில் விளக்கெரிந்தது. ஆனால் டெலிவிஷன், ஐஸ் பெட்டி முதலியவற்றை உபயோகிக்க வேண்டாமென்று ஜனங்களுக்குச் சொல்லப்பட்டது. திறப்பு விழாவுக்கு மாஜி முதல் மந்திரி நிதீஷ் குமார் வந்தபோது, போலி மின்சாரம் வேண்டாம், அசல் மின்சாரமே வேண்டுமென்று அவர்கள் முறையிட்டனர். பின்னர் கம்பி வழியே மலிவான மின்சாரம் வந்தது. பாட்டரிகள் ஓய்ந்தன. நிலையம் மாட்டுக் கொட்டிலாயிற்று. அந்த ஜனங்களை நன்றியற்றவர்களென்பது அநியாயம். பட்டணத்துக்கு ஒன்று, பட்டிக்காட்டுக்கு ஒன்று என்ற பேதத்தையே அவர்கள் நிராகரித்தனர். மேலும், அந்த நிலையம் பிறர் கொடுத்தது.

மேட்டுப்பாளையத்தையடுத்த ஓடந்துறைப் பஞ்சாயத்தார் வேறு வழி கண்டனர். குடிதண்ணீர் இறைக்கும் செலவு கட்டுக்கடங்காமற் போகவே, மரக்கழிவை வாயுவாக்கி ஓடும் 9 கிலோவாட் யந்திரமொன்றை முதலில் அமைத்தனர். 2006-ல் 350 கிலோவாட் காற்றாலையொன்றைச் சுமார் ஒன்றரைக் கோடி ரூபாய்க்குத் தம் பெயரிலேயே வாங்கினர். ஒரு பகுதி பஞ்சாயத்தின் சேமிப்பு; பெரும்பகுதி பாங்கிக் கடன். பஞ்சாயத்து இப்படிக் கடன்படலாமா என்று சட்டப் புத்தகத்தைப் புரட்டுவோர் உண்டு; எம் தொழிலைச் சேர்ந்தவர்களே அவர்களில் அதிகம். காற்றாலையை நிறுவியது தம் ஊரிலன்று. காற்று நன்கு வீசும் உடுமலைப்பேட்டைப் பக்கத்து மைவாடியில். அங்கே உற்பத்தியான மின்சாரம் போர்டாரின் கம்பியிலேறியது. ஊர்ச் செலவு அதில் கழிந்தது. மிஞ்சியதைப் போர்டார் விலைக்கு வாங்கினர். அந்தப் பணம் கடனை அடைக்க உதவிற்று.

தமிழ்நாட்டில் சுமார் 12,500 கிராமப் பஞ்சாயத்துகள் இருக்கின்றன. ஓடந்துறையாரைப் போல் முன்பணம் சேர்த்துவைத்தவை அவற்றில் மிகச் சில. மற்றவை பாங்கியின் படியேறினால், ஈடு எங்கே என்ற கேள்விதான் முதலில் எழும். அந்தக் கடனுக்குச் சர்க்கார் ஜாமீன் நிற்பார்களா என்பதே நாம் அறிய விரும்புவது.