செம்மண்ணும் தென்னையும்: கறுப்பு வெள்ளைப் படத்திற்கேற்ற வண்ணக் கண்ணாடிகள்

கறுப்பு வெள்ளைப் படத்தில் வண்ணம் தோன்றுவதில்லை. ஆயினும், அப்படத்தை எடுக்க முற்படுவோர் வண்ணங்களைப் பற்றியே முதலில் சிந்தித்தல் வேண்டும். முரணாகத் தோன்றும் இவ்வுண்மையைக் கேரள எல்லையிலுள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்துக் கிராமங்களைக் கொண்டே விளக்கலாம்.

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது, விளவங்கோடு வட்டம் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதனை அடுத்துள்ள நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லை வரைபடத்தில் உண்டு. நிலத்தின் நிறத்தில் இல்லை. களியக்காவிளையைக் கடந்து பாறசாலைக்குள் நுழைவோர் கண்ணில் இரு புறமும் படுவன இரண்டே நிறங்கள்: மண்ணின் சிவப்பு, மரத்தின் பச்சை. செம்மண் சரிவு, ஓட்டுக்கூரை, அவற்றைச் சூழ்ந்த தென்னை, வாழை, மரச்சீனி இவையே அந்நிலத்தின் முகம்.

கண்ணுக்கு இவ்விரு நிறங்களும் தெளிவாகப் பிரிந்து தோன்றும். கறுப்பு வெள்ளைப் பிலிமிலோ, ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறமாகப் பதிந்துவிடுதல் உண்டு. ஆண்டிற்கொருமுறை ஊருக்கு வந்து, ஒரு சுருள் பிலிமில் ஊரைப் பதிந்துகொண்டு மும்பைக்கோ தில்லிக்கோ திரும்பும் அன்பர், அங்கே அச்சிட்டுப் பார்க்கும்போது வீட்டின் கூரை எது, அதன் பின்னுள்ள தோப்பு எது எனத் தெரியாமல் திகைக்கிறார். மீண்டும் எடுக்க அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் பழைய ஓட்டு வீடு நிற்குமோ, நில்லாதோ! இந்த இழப்பைத் தவிர்க்க உதவுவதே, காமிராவின் லென்சுக்கு முன்னால் பொருத்தும் பில்டர் என்னும் வண்ணக் கண்ணாடி.

பில்டரின் செயலை ஒரே விதியில் அடக்கிவிடலாம். அது தன் நிறத்து ஒளியை உள்ளே விடும். தனக்கு எதிரான நிறத்து ஒளியைத் தடுக்கும். ஆகவே அச்சிட்ட படத்தில், பில்டரின் நிறமுடைய பொருள் வெளுத்தும், எதிர்நிறப் பொருள் கறுத்தும் தோன்றும். மஞ்சள் கண்ணாடி நீல வானைக் கருமையாக்கும். சிவப்புக் கண்ணாடி செம்மண்ணை வெளுப்பாக்கிப் பச்சிலையைக் கறுப்பாக்கும். பச்சைக் கண்ணாடியோ இலையை வெளுப்பாக்கி மண்ணைக் கறுப்பாக்கும். எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமாட்டிக் பிலிமுக்கே இவ்விதி முழுமையாகப் பொருந்தும். சிவப்பை உணராத ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிமில் சிவப்புக் கண்ணாடியைப் பொருத்துவது, கதவைச் சாத்திவிட்டு விருந்தினரை அழைப்பதை ஒக்கும்.

முதலில் மஞ்சளை எடுத்துக்கொள்வோம். பிலிம் நீல ஒளியை நம் கண்ணைவிட மிகுதியாக உணர்வதால், நீல வானம் வெளுத்துப் போய் வெண்முகில்கள் அதனுள் மறைந்துவிடும். நடுத்தர மஞ்சள் கண்ணாடி இக்குறையை நீக்கி, கண் கண்ட அளவிலேயே வானையும் முகிலையும் பிரித்துக் காட்டும். பூவாற்றில் நெய்யாறு கடலோடு சேரும் இடத்தில் மணல், நீர், வானம் ஆகிய மூன்றையும் எடுப்பவர்க்கு இதுவே போதுமானது.

ஆனால் தோப்பும் வயலும் நிறைந்த உள்நாட்டுக் காட்சிக்கு மஞ்சட்பச்சைக் கண்ணாடியே சாலச் சிறந்தது. வானத்தை ஓரளவு கருமையாக்குவதோடு, தென்னோலையையும் வாழையிலையையும் வெளிச்சமாக்கி, இலைக்கும் இலைக்கும் உள்ள வேறுபாட்டை அது காட்டும். செம்மண்ணும் ஓடும் சற்றே கறுத்து, பசுமையினின்று பிரிந்து நிற்கும். இவ்வட்டாரத்திற்கு ஒரே ஒரு பில்டர்தான் வாங்க இயலும் என்பவர் இதனையே வாங்குக.

மலைக் காட்சிக்கு வேறு கணக்கு உண்டு. வடகிழக்கே 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியமலையும் அதனைச் சார்ந்த தொடரும் நீலப் புகை படிந்தாற்போலத் தோன்றும். காற்றிலுள்ள நுண்ணிய துகள்கள் நீல ஒளியைச் சிவப்பொளியைவிட மிகுதியாகச் சிதறச் செய்வதே இதற்குக் காரணம். தூய காற்றில் இச்சிதறல் ஒளியலையின் நீளத்தினது நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் அமையும் என்பதை ஆங்கில விஞ்ஞானி ரேலி 1871இல் நிறுவினார். அக்கணக்குப்படி நீலம் சிவப்பைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு சிதறுகிறது. எனவே நீலத்தைத் தடுக்கும் ஆரஞ்சுக் கண்ணாடி அம்மூட்டத்தைக் குறைத்து மலைமடிப்புகளைத் தெளிவாக்கும். மழை ஓய்ந்து காற்று கழுவப்பட்ட மறுநாள், மாலைச் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது எடுப்பது இன்னும் நன்று.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. அதிகாலைப் பனிமூட்டமும் மழைமேகமும் பெரிய நீர்த்துளிகளால் ஆனவை. எல்லா நிறங்களையும் ஒரே அளவில் சிதறச் செய்பவை. எந்த வண்ணக் கண்ணாடியும் அவற்றை ஊடுருவாது. ஆடி மாதத்து வெண்சாம்பல் வானத்தையும் எந்தப் பில்டரும் கருவானாக மாற்றாது. நீலம் இருந்தாலன்றோ நீலத்தைத் தடுக்க இயலும்?

சிவப்புக் கண்ணாடியின் புகழ் பெரிது. 1927ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், அமெரிக்காவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் ஹாஃப் டோம் என்னும் பெரும்பாறையை ஆன்சல் ஆடம்ஸ் மஞ்சள் பில்டருடன் எடுத்தார். வானம் தாம் உணர்ந்த கம்பீரத்தோடு அமையாது எனக் கருதி, எஞ்சியிருந்த ஒரே தகட்டைச் சிவப்புப் பில்டருடன் எடுத்தார். ஏறத்தாழக் கறுத்த வானின் முன் பாறை எழுந்து நிற்கும் அப்படம் உலகப் புகழ் பெற்றது. ஆனால் அங்கே இருந்தவை பாறையும் பனியும் உயர்நிலத்துத் தெளிவான வானமும். அதே கண்ணாடியைப் பாறசாலைத் தோப்பின் முன் பிடித்தால், தென்னைகள் மைக்கூட்டில் தோய்த்தவை போலாகும். செம்மண் முற்றம் சுண்ணாம்பு பூசியது போல் வெளுக்கும். வெள்ளறடைப் பக்கத்துப் பாறைக் குன்றுகளை நீல வானின் பின்னணியில் எடுக்க அது பயன்படலாம். வீட்டிற்கும் வயலுக்கும் ஆகாது.

ஒவ்வொரு கண்ணாடிக்கும் கொடுக்க வேண்டிய விலையும் உண்டு. தடுக்கப்பட்ட ஒளியை ஈடுசெய்ய ஒளிபடும் அளவைப் பெருக்க வேண்டும். பொதுவாக நடுத்தர மஞ்சளுக்கு 2 மடங்கு, மஞ்சட்பச்சைக்கும் ஆரஞ்சுக்கும் ஏறத்தாழ 4 மடங்கு, சிவப்புக்கு 8 மடங்கு எனக் கொள்ளலாம். பில்டரின்றி ஒரு நொடியில் 125இல் ஒரு பங்கு திறந்த ஷட்டரை, சிவப்புக்கு 15இல் ஒரு பங்கு நேரம் திறக்க வேண்டும். அதற்குள் கடற்காற்றில் ஓலை ஆடிவிடும், படம் கலங்கும். மேலும், திறந்த வெளியில் நிழலுக்கு வெளிச்சம் தருவது பெரும்பாலும் நீல வானமே. நீலத்தைத் தடுக்கத் தடுக்க நிழல்கள் இருண்டு, திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டியின் முகமும் அவ்விருளில் மறையக்கூடும்.

நிறமற்ற போலரைசர் என்னும் கண்ணாடியும் ஒன்று உண்டு. சூரியனுக்குச் செங்குத்தான திசையிலுள்ள வானை அது கருமையாக்கும். குளத்து நீரின் பளபளப்பையும் ஈர வாழையிலையின் மினுமினுப்பையும் குறைக்கும். மண்ணையும் இலையையும் நிறத்தால் பிரிக்கும் ஆற்றல் அதற்கில்லை.

இன்று பலரும் டிஜிட்டல் காமிராவிலோ கைப்பேசியிலோ வண்ணத்தில் எடுத்துப் பின்னர்க் கறுப்பு வெள்ளையாக மாற்றுகின்றனர். அங்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றின் அளவைக் கூட்டிக் குறைப்பது இதே விதியைப் பின்பற்றியதே. பிலிமில் எடுப்பவர் அம்முடிவைக் களத்திலேயே செய்துவிட வேண்டும் என்பதே வேற்றுமை.

ஆதலின், 'எந்தப் பில்டர் சிறந்தது?' என்று கேட்பதை விட்டு, 'இக்காட்சியில் எதனினின்று எது பிரிந்து தெரிய வேண்டும்?' என்று கேட்டுக்கொள்க. வானினின்று முகில் பிரிய மஞ்சள். தோப்பினின்று கூரை பிரிய மஞ்சட்பச்சை. மூட்டத்தினின்று மலை பிரிய ஆரஞ்சு. கண்ணாடியைப் பொருத்துமுன் அதனைக் கண்ணருகே பிடித்து ஒருமுறை ஊரைப் பாருங்கள். வெளுப்பது எது, கறுப்பது எது என அப்போதே புலப்படும். அவ்வாறு பார்த்து எடுத்த படம், தொலைவில் பிறந்து வளரும் பிள்ளைகளுக்கு, 'இது நம் வீடு, அது நம் தோப்பு' என்று விரல் வைத்துக் காட்ட உதவும்.