இயங்குபொழுதின் மாதிரியுரு: சுரண்டைக் காற்றாலைகளை முன்வைத்து ஒரு விளக்கம்

தென்காசி மாவட்டத்துச் சுரண்டையைச் சூழ்ந்த வெளிகளில் நெடிதுயர்ந்து நிற்கும் காற்றாலைகளைக் காணாதார் அப்பகுதியில் இலர். மேற்குத்தொடர்ச்சி மலையின் செங்கோட்டைக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று நுழைந்து கீழ்த்திசை நோக்கிப் பரவுகின்றது. குற்றாலத்தில் சாரல் பொழியும் ஆனி, ஆடித் திங்கள்களில் சுரண்டைப் பகுதியில் காற்று மிகுதற்குக் காரணம் இதுவே. இக்காற்றாலைகளைச் சான்றாகக் கொண்டு, கணிப்பொறியியலில் வளர்ந்துவரும் ஒரு கருத்தை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். ஓர் அமைப்பின் மாதிரியுருவை அவ்வமைப்பு இயங்கும்பொழுதும் உடன்வைத்திருந்து, சூழலுக்கேற்ப அது தன்னை மாற்றிக்கொள்ளத் துணைசெய்வித்தல் என்பதே அக்கருத்து.

1. மாதிரியுரு யாது?

வீடு கட்டுவோன் முதலில் வரைபடம் வரைகின்றான். வீடு முடிந்தபின் வரைபடம் பெட்டிக்குள் செல்கின்றது. பின்னர்ச் சுவரொன்றை இடிப்பினும் வரைபடம் மாறுவதில்லை. மென்பொருள் ஆக்குவோரும் நெடுங்காலம் இவ்வாறே செய்துவந்தனர். ஆக்கும்பொழுது மாதிரியுருவைக் கொண்டனர், ஆக்கியபின் அதனைக் கைவிட்டனர்.

ஆனால், குளத்து நீர்பாய்ச்சியின் நிலை வேறு. குளத்தில் நீர் எவ்வளவு, எந்த மடையின்கீழ் எத்தனை வயல், எப்பயிர் எந்நிலையில் உள்ளது என்பனவற்றை அவன் மனத்தில் ஓர் உருவாக வைத்துள்ளான். மழை பெய்தால் அவ்வுரு மாறுகின்றது. அவ்வுரு மாறினால் மடை திறக்கும் அளவும் மாறுகின்றது. இங்ஙனம் பொருளோடு உடன்மாறியும், பொருளை மாற்றியும் நிற்கும் உருவே இயங்குபொழுதின் மாதிரியுரு எனப்படும்.

இதனை 2009ஆம் ஆண்டில் கோர்டன் பிளேர், நெல்லி பென்கோமோ, இராபர்ட் பிரான்ஸ் ஆகிய மூவரும் ஒரு கட்டுரையில் தெளிவுற வகுத்துரைத்தனர். அமைப்பிற்கும் மாதிரியுருவிற்கும் இடையே காரணத் தொடர்பு இருத்தல் வேண்டும் என்பது அவர்தம் கருத்தின் உயிர்நிலை. அமைப்பில் நிகழும் மாற்றம் மாதிரியுருவில் தோன்றவேண்டும். மாதிரியுருவில் செய்யும் மாற்றம் அமைப்பில் நிறைவேறவேண்டும். இவ்விரண்டில் ஒன்று குறையினும் அது வெறும் படமேயாகும்.

2. காற்றாலையில் இதன் இடம்

காற்றின் ஆற்றல் அதன் விரைவின் மும்மடிக்கேற்ப மாறுவது. விரைவு பாதியாயின் ஆற்றல் எட்டில் ஒன்றாகிவிடும். ஆதலின் விரைவை அறிவதில் நேரும் சிறு பிழையும் பெரும்பிழையாக விரியும். காற்றுமானியோ பெரும்பாலும் சுழலிக்குப் பின்புறம் அமைந்துள்ளது. அலகுகள் கலக்கிவிட்ட காற்றையே அது அளக்கின்றது. ஆகவே, அதனை மட்டும் நம்புதல் இயலாது.

இதற்கு வழி யாது? சுழலியின் சுழல்விரைவு, அலகின் சாய்கோணம், வெளிவரும் மின்திறன் ஆகியவற்றை அளந்து, இயந்திரத்தின் மாதிரியுருவினுள் இட்டு, இவை நிகழவேண்டின் காற்று எவ்விரைவில் வீசியிருத்தல் வேண்டும் எனப் பின்னோக்கிக் கணிக்கும் முறையொன்று உண்டு. இத்தகைய கணிப்புகட்கு, 1960ஆம் ஆண்டில் ருடால்ப் கால்மன் வெளியிட்ட வடிகட்டு முறை பெரிதும் பயன்படுகின்றது. அம்மதிப்பீட்டிற்கேற்ப அலகின் கோணத்தைத் திருப்பலாம்.

இச்செயலை நான்கு படிகளாகப் பிரித்துக் காணலாம்: காண்டல், ஆராய்தல், திட்டமிடல், செய்தல். நான்கிற்கும் நடுவே பொதுவாய் நிற்பது அறிவு. கெப்பார்ட், செஸ் ஆகிய இருவர் 2003ஆம் ஆண்டில் தன்னாட்சிக் கணிப்பொறி பற்றி எழுதிய கட்டுரையில் இவ்வமைப்பே காணப்படுகின்றது. அந்நடுநின்ற அறிவின் வடிவமே நாம் கூறும் மாதிரியுரு என்க.

3. பழுதுறும் உரு

மாதிரியுரு ஒருகால் மெய்யாயிருந்தமையால் எக்காலத்தும் மெய்யாயிராது. அலகின்மேல் புழுதி படிகின்றது, விளிம்பு தேய்கின்றது, அதே காற்றில் மின்சாரம் குறைகின்றது. தொழிற்சாலையில் இயற்றிய உருவை மாற்றாது வைத்திருக்கும் இயந்திரம், அலகின் தேய்வைக் காற்றின் குறைவெனப் பிறழ உணரும். கணித்ததற்கும் கண்டதற்கும் உள்ள வேறுபாட்டை இடையறாது நோக்கித் தன் உருவைத் திருத்திக்கொள்வதே இதற்கு மருந்து. எனினும், ஒவ்வொரு வீச்சுக்கும் உருவை மாற்றின் இயந்திரம் ஓயாது தடுமாறும். மிகத் தாழ்த்து மாற்றின் உரு பழமைப்படும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட அளவை அறிதலே இத்துறையின் அருமை.

தனியொரு காற்றாலைக்கு உரைத்தது மாநில மின்கட்டமைப்பிற்கும் பொருந்தும். இந்திய மின்கட்டமைப்பின் அதிர்வெண் நொடிக்கு 50 சுற்று. ஆக்கமும் நுகர்வும் ஒவ்வாவிடின் அது பிறழும். சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனம் 2015ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் காற்று மின்னாக்கம் பற்றிய முன்கணிப்பை அளிக்கத் தொடங்கிற்று. நாளொன்றினை 15 நிமிடம் கொண்ட 96 கூறுகளாகப் பகுத்து மின்வழங்கல் திட்டமிடப்படுகின்றது. முன்கணிப்பு காற்றைக் குறைத்துக் கூறின், வந்த காற்றை ஏற்க இடமின்றி ஆலையை நிறுத்தும் நிலை நேரலாம். மிகுத்துக் கூறின், மின்வெட்டு நேரலாம். சேமிக்க வழியில்லாதவிடத்து, நிறுத்திய காற்று மீளாத இழப்பே. உழவனின் நீரேற்றியும் நகரின் விளக்கும் உருவின் உண்மையைச் சார்ந்துள்ளமை இதனால் புலனாம்.

4. முடிவுரை

ஓர் அமைப்பை நன்கு நெறிப்படுத்துவது எதுவோ அஃது அவ்வமைப்பின் மாதிரியுருவாகவும் இருத்தல் வேண்டும் என 1970ஆம் ஆண்டில் கோனன்ட், ஆஷ்பி இருவரும் கணித வழியில் நிறுவ முற்பட்டனர். அக்கருத்து இக்காலத்து இயந்திரங்களில் உருப்பெற்று நிற்கின்றது. ஆயினும் ஒன்று கருதத்தக்கது. காற்றாலையில் மிகைவேகத்தைத் தடுக்கும் காப்பு ஏற்பாடு, நெறிப்படுத்தும் மென்பொருளைச் சாராது தனித்து இயங்குமாறு அமைக்கப்படுகின்றது. உரு எத்துணைச் சிறந்ததாயினும் அது பொருளன்று. உரு பிழைபட்ட பொழுதும் பொருளைக் காக்க வேறொன்று வேண்டும். இதனை உணர்ந்து அமைத்த அமைப்பே தகவமையும் அமைப்பு எனப்படுதற்கு உரியது.