பயனர் பெயரில் பெரிய, சிறிய எழுத்து வேறுபாடு

பயனர் பெயரில் பெரிய, சிறிய எழுத்து வேறுபாடு என்பது, தொலைவிலுள்ள வழங்கியில் புகுபதிகை செய்யும்போது ஆங்கில எழுத்துகளின் பெரிய, சிறிய வடிவங்களை அவ்வழங்கி வெவ்வேறாகக் கொள்வதைக் குறிக்கும். லினக்சு உள்ளிட்ட யுனிக்சு வகை இயங்குதளங்கள் பொதுவாக இவ்வேறுபாட்டைப் பார்க்கின்றன, விண்டோசு பார்ப்பதில்லை. கடவுச்சொல்லில் மட்டும் இரண்டுமே கண்டிப்பானவை.

ஆசுக்கி குறிமுறையில் பெரிய 'ஏ'யின் எண் 65, சிறிய 'ஏ'யின் எண் 97. யுனிக்சு பயனர் பெயரை எண்களின் வரிசையாகவே ஒப்பிடுகிறது. ஓர் எண் மாறினாலும் அது வேறொரு பெயர்.

தமிழ் எழுத்தில் இவ்வேறுபாடு கிடையாது. எனினும் தமிழை ஆங்கில எழுத்துகளால் தட்டச்சிடும் முறைகள் பலவற்றில் சிறிய 'எல்' லகரத்தையும் பெரிய 'எல்' ளகரத்தையும் தரும். அங்கே வள்ளியும் வல்லியும் இருவர் என்பது போலவே, லினக்சு வழங்கிக்கும் அவர்கள் இருவரே.

2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோசுடன் சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்சும் நிறுவப்பட்ட கணினிகள் வழங்கப்பட்டன. ஒரே கணினியில் இருவகை வழக்கம்! மாடம்பாக்கத்திலுள்ள தம் வீட்டிலிருந்து கல்லூரியின் லினக்சு வழங்கிக்குள் நுழையும் ஒரு மாணவரைக் கொள்வோம். கைபேசியின் விசைப்பலகை பெயரின் முதலெழுத்தைத் தானாகவே பெரிதாக்கிவிடுகிறது. ஓப்பன்எஸ்எஸ்எச் வழங்கி "அப்படி ஒரு பயனர் இல்லை" என்று சொல்வதில்லை. வழக்கம்போல் கடவுச்சொல்லைக் கேட்டு, பின்னர் அனுமதி மறுக்கிறது. இருக்கும் பெயர்களை அயலார் ஊகித்தறியாதிருக்கவே இவ்வேற்பாடு. ஆனால் மாணவரோ கடவுச்சொல்லே தவறு என எண்ணி மீண்டும் மீண்டும் முயல்வார். வழங்கியில் ஃபெயில்2பேன் போன்ற காவல் நிரல் இருந்தால், அவரது இணைய முகவரியே சில நிமிடங்களுக்குத் தடைசெய்யப்படலாம். எனவே கடவுச்சொல்லை மாற்றக் கோருமுன் பெயரின் முதலெழுத்தைப் பார்ப்பது நல்லது. நிருவாகியின் பதிவேட்டில் மட்டும் "செல்லாத பயனர்" என்ற குறிப்பு, தட்டச்சிட்ட பெயருடன் இருக்கும்.

விதிவிலக்கும் உண்டு. மைக்ரோசாப்ட்டின் ஆக்டிவ் டைரக்டரியுடன் எஸ்எஸ்எஸ்டி வழியாக இணைக்கப்பட்ட லினக்சு வழங்கி, இயல்பிருப்பாக இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. டெபியனின் 'ஆட்யூசர்' கட்டளையோ, பெரிய எழுத்துள்ள பெயரை இயல்பிருப்பில் ஏற்பதே இல்லை. குழப்பத்தைத் தொடக்கத்திலேயே தவிர்க்கும் இம்முறையே சிறந்தது எனலாம்.

1960களில் வெளிவந்த டெலிடைப் 33 முனையத்தில் பெரிய எழுத்துகள் மட்டுமே இருந்தன. ஆகவே, பெயர் முழுவதும் பெரிய எழுத்தில் வந்தால் பழைய யுனிக்சு அத்தகைய முனையம் என்று கருதி, தொடர்ந்து வருவனவற்றைச் சிறிய எழுத்தாக மாற்றிக்கொண்டது. லினக்சின் 'ஏகெட்டி' நிரலில் இவ்வசதி ஒரு விருப்பத்தேர்வாக இன்றும் உள்ளது.