தாங்கியில் ஓடும் எஞ்சின்
பந்திங், கோல லங்காட், சிலாங்கூர்

1985 ஜூலையில் அறிமுகமான புரோட்டோன் சாகாவில் இருந்தது மிட்சுபிஷி வடிவமைத்த 1.3 லிட்டர் எஞ்சின். அத்தகைய எஞ்சினைப் பிரித்துச் செப்பனிட்ட பின், காரில் ஏற்றுமுன் இரும்புத் தாங்கியில் பூட்டி ஓட்டிப் பார்க்கலாம். ரேடியேட்டர், பேட்டரி, பெட்ரோல் கேன், எண்ணெய் அழுத்தமானி இருந்தால் போதும்.

முதலில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரால் சுழற்ற வேண்டும். அழுத்தமானியின் முள் எழுந்த பிறகே எஞ்சினைக் கிளப்ப வேண்டும்.

கசிவு எங்கே?
எண்ணெய் கீழே வழியும்; விசிறிக் காற்றில் பக்கவாட்டிலும் பரவும். ஆகவே நனைந்த இடங்களில் மிக உயரமானதை முதலில் பாருங்கள். துடைத்துவிட்டுப் பவுடர் தூவி மீண்டும் ஓட்டினால் தடம் தெரியும். ரேடியேட்டர் நீரில் குமிழிகள் விடாமல் வந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். கிராங்க் தண்டின் பின்புற சீல் கசிவதை இங்கேயே கண்டுபிடித்தால், பிறகு காரிலிருந்து கியர்பாக்ஸை இறக்கும் வேலை மிச்சம்.